நெடுந்தீவுக்குக் கொண்டுபோன கசெற்

கட்டுநாயக்கா எயார்போட்டிலை சுங்கக்காரர் என்ரை பெட்டியைக் கிண்டி, அடியிலை கிடந்த கசெற்றை எடுத்து, மேசையிலை இருந்த ரேப் ரெக்கோடரிலை போட்டார். டும், டும், டும், டும் எண்டு அது துவங்கிச்சுது. தலையைச் சரிச்சுக் கொஞ்ச நேரம் கேட்டார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைச்சார். ரெண்டு பேரும் தங்களுக்குள்ளை சிங்களத்திலை ஏதோ கதைச்சவை. பேந்து என்னட்டைக் கேட்டார், பாட்டு எப்ப துவங்கும் எண்டு. இதுதான் பாட்டு எண்டன். அவர் கசெற்றை வெளியிலை எடுத்து, சேட்டிலை துடைச்சு, என்ரை கையிலை தந்தார்.

"கொண்டு போங்கோ ஐயா. இதிலை பிடிச்சு வைக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

நான் இந்த மாதிரிக் கசெற்றுகளுக்கு விமர்சனம் எழுதுற ஆள். இவ்வளவு சுருக்கமா நான் ஒருநாளும் எழுதினதில்லை.

இந்த வேலை எனக்கு எப்பிடி வந்தது எண்டு சொல்லவேணும். கணக்கியல் படிக்கப்போறன் எண்டு நாரந்தனையிலையிருந்து லண்டனுக்கு வெளிக்கிட்ட நான், படிப்பை இடையிலை விட்டு, பெற்றோல் செட்டிலை கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து காசு வாங்கி வாங்கியே நாப்பத்தஞ்சு வயசுக்கு வந்து சேர்ந்தனான். கலியாணம் ரெண்டு தரம் பேசிக் குழம்பினது. மூண்டாந்தரம் ஆரும் பேசேல்லை. எங்கடை செட், லண்டனைச் சுத்தி ஓடுற பெரிய றோட்டுக்குக் கிட்ட. கொஞ்சக் காலத்துக்கு முன்னம் சனிக்கிழமையளிலை அங்கை ஒரு புதுக் கூட்டம் வரத் துவங்கிச்சுது. தொளதொளத்த சேட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பெடிபெட்டையள், கார் நிறைய. எங்கையோ பழைய பண்டசாலையிலை விடிய விடிய ஆட்டமாம். பொலிசுக்குப் பயந்து இடத்தைக் கடைசிவரைக்கும் ஒருத்தரும் சொல்லமாட்டினம். முதல் வாறவன், பின்னாலை வாறவைக்குச் சொல்லச் சொல்லி என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போவான். அப்பிடி, ஆடுற ஆயிரம் பேருக்கும் தெரியாத இடம், ஆடத் தெரியாத எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

நன்றிக்கு அவங்கள் தங்கடை ஆட்டப் பாட்டுகளை மிக்ஸ் பண்ணின கசெற் தந்திட்டுப் போவாங்கள். நானும் சும்மா இருக்கிற நேரம் கேட்பன். அடுத்த சனிக்கிழமை, ஆரும் அபிப்பிராயம் கேட்க முன்னமே குறை சொல்லுவன். மிக்ஸ் எண்டால் இதுதான்: ரெண்டு ரெக்கோட் பிளேயர். ஒண்டிலை பாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்கை, மற்றதிலை அடுத்த பாட்டை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஆடுறவன்ரை கால் தடக்காமல் உள்ளுக்கை விடவேணும். ஓடுற பஸ்ஸிலையிருந்து பக்கத்திலை ஓடுற பஸ்ஸுக்கு, கையிலை தேத்தண்ணிக் கோப்பையோடை மாறுற மாதிரி. சிந்தினால் நான் சொல்லுவன். ஒருத்தன், "அங்கிள், இதை எழுதித் தாங்கோ" எண்டான். அவங்கள் போட்டோக் கொப்பி அடிச்சுக் கையிலை குடுக்கிற ஒரு தாளிலை அது வந்தது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 'அங்கிள்' எண்ட பேரிலை எழுதினனான். குறை சொல்லுறதுக்கு ஒரு ஊரே பயிற்சி தந்து வளர்த்த ஆளுக்கு அது பெரிய வேலையில்லை.

அன்ரனும் அதே செட்டிலைதான் வேலை. நெடுந்தீவான், என்னைவிடப் பத்து வயசு இளமை. ஊரிலை கோயில் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டினவன். நான்தான் அவனை ஒரு சனிக்கிழமை அந்த ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். பகிடிக்குத்தான். நான் காதுக்குள்ளை பஞ்சு வைச்சுக்கொண்டு ஒரு மூலையிலை நிக்க, அவன் பிளேயர் பூட்டியிருந்த மேசைக்குப் பக்கத்திலை போய் நிண்டவன், விடியும்வரைக்கும் அசையேல்லை. ஒரு வருசத்துக்குள்ளை அந்த மேசைக்குப் பின்னாலை அவன் நிண்டான். சிந்தாமல் மாறுவான். நான் எழுதினதிலை ஆக நல்ல வார்த்தையெல்லாம் அவனுக்குத்தான் போனது.

அவனுக்கு ஊரிலை மனிசி இருந்தா, பிலோமினா. கலியாணம் முடிச்சு எட்டு மாதத்திலை அவன் வெளிக்கிட்டவன். பிலோமினா கடிதம் எழுதிறதில்லை, கசெற்றிலை கதைச்சு அனுப்புவா. அந்தக் காலத்திலை எங்கடை ஆக்களிலை பாதிப்பேர் அப்பிடித்தான். அன்ரன் ஒருநாள் அவவின்ரை கசெற்றிலையிருந்து ஒரு துண்டை எடுத்து, தன்ரை மிக்ஸுக்குள்ளை வைச்சான். டும் டும் அடியெல்லாம் நிண்டு, கடலுக்கை இறங்கின மாதிரி ஒரு அமைதி வரும். அதுக்குள்ளை அவவின்ரை குரல் வரும். பிறகு அந்தக் குரலின்ரை கடைசி வசனத்தைப் பிடிச்சு, திரும்பத் திரும்பச் சொல்லவைச்சு, அதுக்கு மேலை அடியைத் திறந்துவிடுவான். அந்தப் பண்டசாலையின்ரை கூரையே கழண்டுபோகும். நான் அதைப்பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினனான். அந்தக் குரலுக்கு ஒரு வீடு இருக்கு, விலாசம் இருக்கு எண்டு எனக்கு அப்ப யோசனை வரேல்லை.

இந்தியன் ஆமி வெளிக்கிட்டு, ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட நேரம். ஊரிலை இருக்கிற என்ரை அக்காவைப் பார்க்கப்போறன் எண்டவுடனை அன்ரன் இந்தக் கசெற்றைத் தந்தான்.

"அண்ணை, பிலோமினாட்டைக் குடுங்கோ. கேட்டால் அவளுக்கு விளங்கும்."

என்ன விளங்கும் எண்டு நான் கேட்டிருக்கலாம். மனிசியை லண்டனுக்குக் கூப்பிட்டு எடுக்கிற விசா உரிமை அவனுக்குக் கிடைச்சு ஒரு வருசம். அவவுக்கு ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. வேறை பொம்பிளை ஒருத்தியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஒரு வழி இருந்திருக்கும். சனிக்கிழமையை விட்டால் மிச்ச ஆறு நாளும் அவன் ஒரு ஆளே இல்லை, அவ்வளவுதான்.

நாரந்தனையிலை முதல் நாள் முழுக்கச் சாப்பாட்டோடை போச்சுது. அக்கா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், முட்டைப் பொரியலும், இறால் குழம்பும் வைச்சிருந்தா. லண்டனிலை நான் பாணுக்குள்ளை எதையாவது வைச்சு, நிண்டபடி திண்டு, அதைச் சாப்பாடு எண்டு சொல்லி என்னையே ஏமாத்திக்கொண்டு இருந்தனான். மூண்டாவது கோப்பை குழம்பிலை அக்கா விசாரணையைத் துவங்கினா. லண்டனிலை என்ன வேலை எண்டு ஆக்கள் கேட்கினம், என்னத்தைச் சொல்லுறது? பெற்றோல் செட் எண்டு சொல்லன் எண்டன். அதைச் சொல்லியாச்சாம், அதோடை பத்திரிகையிலை எழுதுறதாயும் கேள்வி எண்டு கேட்டினமாம். சங்கீத விமர்சனம் எண்டன். அக்காவின்ரை முகம் மலர்ந்தது. கச்சேரிக்கோ எண்டா. ஓமெண்டு தலையாட்டினன். அது எந்த மாதிரிக் கச்சேரி எண்டு அவவும் கேட்கேல்லை, நானும் சொல்லேல்லை. அந்தப் பின்னேரத்துக்குள்ளை நாரந்தனை முழுக்க நான் கச்சேரி விமர்சகர்.

அடுத்த நாள் குறிகட்டுவானுக்குப் பஸ் எடுத்தன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவிலை, ரெண்டு பக்கமும் கடல், அந்தத் தாம்போதியிலை பஸ் நிண்டுபோச்சுது. டிரைவர் இறங்கிப்போய் எஞ்சினைப் பார்த்து, எஞ்சினும் அவரைப் பார்த்து, ஒண்டும் நடக்கேல்லை. லண்டனிலை ரெயின் நிண்டால் சனம் பேப்பருக்குள்ளை முகத்தை ஒளிச்சுக்கொள்ளும். பக்கத்திலை இருக்கிறவன் செத்தாலும் அடுத்த ஸ்ரேசனிலைதான் தெரியும். இங்கை எஞ்சின் சூடாறுறதுக்குள்ளை என்ரை வயசு, சம்பளம், ஏன் கலியாணம் கட்டேல்லை, நோய் வருத்தம் ஏதும் இருக்கோ எல்லாம் பஸ்ஸுக்குத் தெரிஞ்சிட்டுது. சுருவிலிலை ஏறின ஒரு மனிசி, தனக்கொரு மச்சாள் இருக்கிறதாயும், ஆனா எனக்கு இனிக் குடுக்கேலாது எண்டும் சொன்னா. பிறகு எல்லாரும் இறங்கித் தள்ளினவை. நானும் தள்ளினன். லண்டன் சப்பாத்து சேத்துக்கை கழண்டு, கொண்டக்டர் எடுத்துத் தந்தார்.

படகு அதைவிட மோசம். ஒரு பக்கம் ஆக்கள், மற்றப் பக்கம் சீமெந்தும் வாழைக்குலையும். நடுக்கடலிலை அலை எழும்பி எல்லாரையும் நனைச்சுது. நான் பையைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பக்கத்திலை இருந்த கிழவர், "தம்பி, பிள்ளையோ உள்ளுக்கை?" எண்டு கேட்டார். எஞ்சின் டொக் டொக் எண்டு ஓடின வேகம், அன்ரன்ரை கசெற்றின்ரை வேகம்தான். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாய் இருந்தது. ஊருக்குப் போய் அடுத்த மாதம் இதை எழுதவேணும் எண்டு நினைச்சன். ஊர் எண்டு நான் நினைச்சது லண்டனை. அதைக் கவனிக்கேக்கை படகு நெடுந்தீவிலை முட்டிச்சுது.

வழி முழுக்க நான் பிலோமினாவுக்குச் சொல்லுற வசனத்தைப் பாடமாக்கினனான். 'தங்கச்சி, உம்மடை குரலுக்கு லண்டனிலை ஆயிரம் பேர் ஆடினவை.' நல்ல வசனம். கேட்டுச் சந்தோசப்படுவா எண்டு உண்மையா நம்பினனான்.

டிரக்டர் பெட்டியிலை ஏறி, கல்வேலியளுக்கு நடுவாலை குலுங்கிக் குலுங்கிப் போனன். சீமெந்து இல்லாமல் கடல் முருகைக்கல்லை அடுக்கியே கட்டின வேலியள். வெறும் வெளியிலை குதிரையள் தன்பாட்டிலை மேய்ஞ்சுகொண்டு நிண்டவை. வீட்டு வாசல் படலையிலை அன்ரன்ரை தாய், செபமாலை மாமி நிண்டா. நான் ஆரெண்டு சொன்னவுடனை அவவின்ரை கண் என்னைப் பார்க்கேல்லை, எனக்குப் பின்னாலை றோட்டைப் பார்த்தது. தனியத்தான் வந்தனான் எண்டன்.

பிலோமினா வீட்டிலை இல்லை. கோயில் மண்டபத்திலை பெட்டையளுக்குத் தையல் பழக்கப் போயிட்டாவாம். அதைச் சொல்லேக்கை மாமியின்ரை குரலிலை ஒரு கசப்பு இருந்தது. யாழ்ப்பாணத்திலை கன்னியாஸ்திரிமார் நடத்துற தையல் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்க வரச்சொல்லி அவவைக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கினமாம். ஈஸ்டருக்குப் பிறகு வேறை ஆளை எடுத்துப்போடுவினமாம். மாமி விடேல்லை. புருசன் இண்டைக்கோ நாளைக்கோ கூப்பிடுவான், கூப்பிடேக்கை பெண்சாதி வீட்டிலை நிக்கவேணும். பிலோமினாவும் மறுத்துக் கதைக்கேல்லையாம். தான் அவரிட்டைக் கேட்டிருக்கிறன், மறுமொழி வரட்டும் எண்டு மட்டும் சொன்னவவாம்.

"மறுமொழி கொண்டு வந்தனீங்களோ தம்பி?" எண்டு மாமி கேட்டா.

நான் கசெற்றைக் காட்டினன். அவ்வளவுதான். மாமி அதைப் பறிச்ச மாதிரி வாங்கிக்கொண்டு, வேலிக்கு மேலாலை சத்தம் வைச்சா, அன்ரன்ரை கசெற் வந்திருக்கு எண்டு.

இதை எங்கடை ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளிநாட்டாலை கசெற் வந்தால் தனியக் கேட்கிறேல்லை. கசெற்றுக்குள்ளை புருசன்ரை கதைக்கு முன்னம் ஊருக்குச் சுகம் விசாரிப்பு இருக்கும். பேர் சொல்லாட்டில் ஒரு மாதத்துக்குக் கோபம் இருக்கும். அதாலை பேர் வரக்கூடிய ஆக்கள் எல்லாரும் வந்து இருப்பினம். நான் இதுக்குள்ளை பிறந்து வளர்ந்தவன். தெரியாது எண்டு சொல்ல ஏலாது.

பாய் விரிச்சாச்சு, நடுவிலை ரேப் ரெக்கோடர். கதிரையிலை அன்ரன்ரை பெரியப்பு, சந்தியாப்பிள்ளையர், வெள்ளைச் சால்வையோடை. வேலிக்கு அங்காலை இங்காலை இருந்தவை முற்றத்திலை. எனக்குப் பனங்கிழங்கு மாவிலை காச்சின ஒடியல் கூழ் வந்தது, நண்டும் மரவள்ளியும் போட்டு, பிலாவிலையிலை கோலிக் குடிக்க. அந்தக் கூழின்ரை உறைப்பிலை எனக்கு மூக்காலையும் கண்ணாலையும் ஓடிக்கொண்டிருக்கேக்கை பிலோமினா வந்தா. மெலிஞ்ச ஆள், தோளிலை அளவு நாடா இன்னும் கிடந்தது. வாங்கோ அண்ணை எண்டா. நான் பாடமாக்கின வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தன். மாமி பொத்தானை அமத்தினா.

டும், டும், டும், டும்.

சனம் பொறுமையா இருந்தது. ரேடியோவிலை செய்திக்கு முன்னம் வாற சத்தம் மாதிரி எண்டு நினைச்சினமோ தெரியாது. மாமி முந்தானையாலை முழங்காலை மூடிக்கொண்டு, சுகம் விசாரிப்புக்குத் தயாரா இருந்தா. கசெற்றிலை அன்ரன் முதலாவது பாட்டிலையிருந்து ரெண்டாவதுக்கு மாறினான், ஒரு சொட்டும் சிந்தேல்லை. நான் என்னையறியாமல் ஆக்களின்ரை முகத்தைப் பார்த்தன். ஒரு முகத்திலையும் ஒண்டும் இல்லை. நான் என்ன செய்திருக்கவேணும் எண்டால், எழும்பி, இது பாட்டு, இதிலை கதை இல்லை எண்டு சொல்லி நிப்பாட்டியிருக்கவேணும். செய்யேல்லை. ஏனெண்டால் மூண்டாவது மாற்றம் வரப்போகுது, அதுக்கு இந்தச் சனம் என்ன செய்யும் எண்டு பார்க்க எனக்கு ஆசையா இருந்தது. விமர்சகனுக்கு வாற நோய் அது.

கன நேரத்துக்குப் பிறகு பெரியப்பு என்னட்டைக் குனிஞ்சு கேட்டார், "தம்பி, பொடியன் எப்ப கதைப்பான்?"

நான் வாய்க்கு வந்த பகிடியைச் சொன்னன். "கதை மற்றப் பக்கத்திலை, பெரியப்பு."

ஒருத்தரும் சிரிக்கேல்லை. எல்லாரும் அதை நம்பினவை. முதல் பக்கம் முடிஞ்சு கிளிக் எண்டு நிக்க, மாமி கசெற்றைத் திருப்பிப் போட்டா. அப்பதான் எனக்கு நினைவு வந்தது. அவவின்ரை குரல் அந்தப் பக்கத்திலைதான் இருக்கு.

நான் எழும்பினன். பற்றறி காணாது போலை கிடக்கு, பேந்து கேட்பம் எண்டன். மாமி கையைக் காட்டி இருத்தினா. புதுப் பற்றறியாம்.

அடி நிண்டது. அந்த அமைதி வந்தது. முற்றத்திலை இருந்த எல்லாரும் முன்னுக்குச் சரிஞ்சினம், இப்பதான் கதைக்கப்போறான் எண்டு. பொம்பிளைக் குரல் வந்தது.

"அம்மா ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. நான் பார்க்கிறதை விட்டிட்டன். கூப்பிடுறியளோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

"உது எங்கடை பிலோமினா எல்லே" எண்டு பின்னாலை ஆரோ சொன்னவை. அதுக்குப் பிறகு வசனத்தின்ரை வால் மட்டும். ஒண்டைச் சொல்லுங்கோ. ஒண்டைச் சொல்லுங்கோ. ஒண்டைச் சொல்லுங்கோ. அதுக்கு மேலை அடி இறங்கிச்சுது. பெரியப்புவின்ரை கால் பெருவிரல் தாளத்துக்கு ஆடத் துவங்கி, நிண்டது. மாமி ரெக்கோடரைத் தூக்கி மடியிலை வைச்சு, எந்தப் பொத்தான் எண்டு தெரியாமல் ஒவ்வொண்டாய்த் தடவினா. பிலோமினா கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, தன்ரை குரலை முழுக்கக் கேட்டா. வேறை ஆரோ கதைக்கிறதைக் கேட்கிற மாதிரி, கவனமா. கடைசியிலை நான்தான் போய் நிப்பாட்டினன்.

சனம் கெதியா எழும்பிச்சுது. மாடு கட்டவேணும், தண்ணி அள்ளவேணும். ஒருத்தரும் தேத்தண்ணிக்கு நிக்கேல்லை. சுகம் விசாரிப்பிலை பேர் வரேல்லை எண்டு கோபிக்கவும் ஒருத்தரும் இல்லை. மாமி குசினிக்குள்ளை போய் அடுப்புக்கு முன்னாலை இருந்தா. பிலோமினா எனக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

"அண்ணை, இதுக்கு அங்கை ஆடுறவையோ?"

ஓமெண்டன்.

"நான் என்ன சொல்லுறன் எண்டு அவைக்கு விளங்குமோ?"

இல்லையெண்டன். அவன் எவ்வளவு கவனமா அந்தக் குரலை வைச்சிருக்கிறான், அதுக்கு முன்னாலை வாற அமைதிக்கு மட்டும் எத்தினை கிழமை பாடுபட்டவன், அதைக் கேட்டு ஆக்கள் கையை மேலை தூக்கிக்கொண்டு நிண்டதை நான் கண்ணாலை கண்டனான், எல்லாம் சொன்னன். என்ரை விமர்சனம் முழுக்கச் சொன்னன் எண்டுதான் நினைக்கிறன். அவ குறுக்கை கதைக்காமல் கேட்டா.

"நல்லாத்தான் செய்திருக்கிறார். ஆனா நான் கேட்டது கேள்வியெல்லோ அண்ணை. கேள்வியைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார். மறுமொழி எங்கை?"

தேத்தண்ணி கையிலை ஆறிக்கொண்டு இருந்தது. அவன் நல்லவன் எண்டன்.

"அதை நான் கேட்கேல்லை. கூப்பிட ஏலாமலிருக்கிறாரோ, கூப்பிடாமலிருக்கிறாரோ?"

அவனைக் காட்டிக்குடுக்கிறதோ, இவவை ஏமாத்துறதோ எண்டு யோசிக்கிறதுக்குப் பதிலா நான் ஒரு பகிடியைத் தேடினனான். என்ரை வாழ்க்கையிலை அப்பிடியான இடங்களிலை எப்பவும் ஒண்டு வரும். அண்டைக்கு வரேல்லை. கூப்பிட வசதி வந்து ஒரு வருசமாச்சு தங்கச்சி எண்டன். அவ தலையை ஆட்டினா. தோளிலை கிடந்த அளவு நாடாவை எடுத்து, வடிவாச் சுத்தி, உள்ளங்கையிலை வைச்சுக்கொண்டா.

"இதை நீங்கள் முதல்லை சொல்லியிருந்தால் இந்தக் கசெற்றைப் போட்டிருக்கத் தேவையில்லை."

அடுத்த நாள் காலமை படகடிக்கு நான் போகேக்கை பிலோமினா எனக்கு முன்னமே வந்து நிண்டா. காலடியிலை ஒரு பெட்டி, சாக்காலை சுத்தின தையல் மெசின். மாமியும் வந்திருந்தா. மாமியும் மருமகளும் இரவு என்ன கதைச்சவை எண்டு எனக்குத் தெரியாது. நான் விறாந்தையிலை போர்வையைத் தலைக்கு மேலை இழுத்துக்கொண்டு, நித்திரை எண்டு நடிச்சுக்கொண்டு கிடந்தனான். மாமியின்ரை கையிலை ஒரு ஒடியல் பொட்டலம். அதை மருமகளின்ரை பெட்டிக்கு மேலை வைச்சா.

"நீ போ பிள்ளை. படலையை நான் பார்த்துக்கொள்ளுறன்."

மாமி என்ரை பக்கம் திரும்பிப் பார்க்கேல்லை.

தையல் மெசினை ஏத்த ரெண்டு பேர் பட்டபாடு பெரும்பாடு. கடல் அண்டைக்கு அசையேல்லை, அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை. வாந்தி எடுக்கிற சாட்டிலையாவது முகத்தை அங்காலை திருப்பியிருக்கலாம். குறிகட்டுவானிலை யாழ்ப்பாண பஸ் நிண்டது. கொண்டக்டர் மெசினுக்கும் ஒரு ரிக்கெற் எடுக்கவேணும் எண்டு நிண்டார். பிலோமினா அதைத் தன்ரை மடியிலை வைப்பன் எண்டா. அவர் மெசினைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், சும்மா ஏத்தும் எண்டார். நான் ஏதும் சொல்லவேணுமோ அன்ரனுக்கு எண்டு கேட்டன்.

கேட்கேக்கை என்ரை கை பைக்குள்ளை போயிட்டுது. அதுக்குள்ளை ஒரு சின்ன ரெக்கோடர் கிடந்தது, வெறும் கசெற்றோடை, அக்காவின்ரை குரலைப் பதிஞ்சுகொண்டு போகவெண்டு கொண்டுவந்தது. விரல் பதியுற பொத்தானிலை இருந்தது. அவ என்ரை கையைப் பார்த்தா. நான் கையை வெளியிலை எடுத்தன்.

"சொல்லுங்கோ அண்ணை. நான் இனிக் கேட்கமாட்டன். கூப்பிட்டாலும் அந்த வீட்டிலை இருக்கமாட்டன்."

பஸ் போச்சுது.

அக்கா நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருந்தா, நான் உயிரோடை வந்து சேர்ந்ததுக்கு. அதாலை அங்கையிருந்து அடுத்த படகு எடுத்து, கும்பிட்டு, மடத்திலை சாப்பிட இருந்தன். வாழையிலை, சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கடைசியிலை பாயாசம். பக்கத்திலை இருந்த காரைநகர் மனிசன் ஒருத்தர், நான் லண்டன் எண்டவுடனை என்ன வேலை எண்டு கேட்டார். பெற்றோல் செட் எண்டன். வேறை ஒண்டும் செய்யிறதில்லையோ எண்டார். இல்லையெண்டன். ஊர் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன், அம்மன்ரை சோத்துக்கு முன்னாலையாவது ஒரு உண்மை சொல்லுவம் எண்டு நினைச்சனான், அதுவும் அரை உண்மைதான். சோறு நல்ல சோறு. பூசணிக்காயைக் கடைசிவரைக்கும் இலையின்ரை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தன்.

லண்டனுக்கு வந்த முதல் வேலை நாள், அன்ரன் கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டான். அம்மா எப்பிடி எண்டு கேட்டான், நல்லா இருக்கிறா எண்டன். பிலோமினா கசெற்றைக் கேட்டவளோ எண்டான். ஓம், ஊரே கேட்டது எண்டன். நடந்ததை நடந்த மாதிரிச் சொன்னன். பகிடி சேர்க்கேல்லை. கன்னியாஸ்திரிமாரின்ரை பள்ளிக்கூடம், மெசின், பஸ், கடைசியா அவ சொல்லிவிட்ட ரெண்டு வசனம்.

அவன் கண்ணாடியாலை வெளியிலை பார்த்தான். கண் கலங்கினது, நான் பொய் சொல்லக்கூடாது. வெளியிலை ஒரு கார்க்காரன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டான்.

"அண்ணை, அவள் இதைச் சொல்லேக்கை பதிஞ்சனீங்களோ?"

இல்லையெண்டன்.

"கெதியாச் சொன்னவளோ, மெல்ல ஆறுதலாச் சொன்னவளோ?"

அந்த இடத்திலை நான் அவனை நல்லா ஏசியிருக்கவேணும். வயசுக்கு மூத்தவன், அடிச்சிருந்தாலும் கேட்டுக்கொண்டு நிண்டிருப்பான். நான் யோசிச்சுப் பார்த்து, ஆறுதலா எண்டன். அவன் அந்த வசனத்தை வாய்க்குள்ளை சொல்லிக்கொண்டு, மேசையிலை விரலாலை மெல்லத் தட்டிப் பார்த்தான். முதல்லை வேகம் கொஞ்சம் கூடிப்போச்சு. பேந்து குறைச்சான். அவ குறிகட்டுவானிலை நிண்டு சொன்ன வேகத்துக்குச் சரியா வந்து நிண்டான். சரியா வந்திட்டுது எண்டு நான் தலையை ஆட்டினனான்.